ஜாதி நாய்க்கு ஜோடி தேடும் முன்: பினாங்கு வளர்ப்பாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராணி மாடிப்படி ஏறும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயல் மாதிரி குதித்துத்தான் ஏறுவாள். எங்கள் வீட்டில் அது பெரிய வேடிக்கை. வருகிறவர்களிடமெல்லாம் "பாருங்க, எப்படி ஏறுறா" என்று காட்டுவோம். ஒன்றரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட். பளபளக்கும் முதுகு, கத்தி மாதிரி நிற்கும் காது, மூன்று தலைமுறைப் பெயர்களோடு வம்சாவளிச் சான்றிதழ். இரண்டு வயது ஆவதற்குள்ளேயே தெரிந்தவர் ஒருவரின் கடுவனோடு சேர்த்துவிட்டோம். ஏழு குட்டிகள். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமானில் அவற்றைத் தூக்கிக் கொஞ்சாத பிள்ளை இல்லை.

பதினோரு மாதம் கழித்து, பிறையில் குட்டி வாங்கிய அக்கா ஒருவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, இவன் படுத்தா எந்திரிக்க மாட்டேங்கிறான்பா. பின்னால புடிச்சுத் தூக்கிவிட வேண்டியிருக்கு." மறுவாரம் ராணிக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பேனா முனையால் காட்டினார். தொடை எலும்பின் தலை, கிண்ணத்துக்குள் பந்து உட்காருவதுபோல இடுப்புக் குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ராணிக்குப் பந்து பாதி வெளியே இருந்தது. கிண்ணம் சாஸர் மாதிரி தட்டையாக இருந்தது. அவள் முயல் மாதிரி குதித்தது வலியில்.

சான்றிதழில் அப்பா பெயர் சரி, தாத்தா பெயர் சரி. இடுப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் பாதிக்கு மேல் இணை சேர்ப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை.

முதல் படி: குட்டி வேண்டுமா?

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயம்தான் கூடுகிறது. அது உயிரையே எடுக்கும். "என் நாய் மாதிரியே இன்னொன்று வேண்டும்" என்பது இரண்டாவது காரணம். ஆசை புரிகிறது. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த உங்கள் அண்ணன் தம்பிகளை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் ஒரே மாதிரி?

மூன்றாவது, பணம். பரிசோதனை, கடுவனுக்குக் கொடுக்கும் கட்டணம், ஸ்கேன், ஒருவேளை நள்ளிரவில் அறுவை சிகிச்சை, எட்டு வாரத் தீனி, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஒழுங்காகச் செய்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். லாபம் பார்ப்பவர்கள் இந்தத் தாளில் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலும் முதல் வரியை.

ஜெலுத்தோங் ஜெட்டிச் சாலையில் இருக்கும் எஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து முடிவெடுங்கள். அங்கே வீடு தேடிக் காத்திருக்கும் நாய்களில் தெருநாய் மட்டும் இல்லை. 2015இல் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது இந்த மாநிலத்தில் எத்தனை நாய்களைக் கொன்றார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. குட்டிகளை ஊருக்குள் கொண்டுவருகிறவருக்கு அதிலும் பொறுப்பு உண்டு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கைத் துன்புறுத்தினாலோ பராமரிக்காமல் விட்டாலோ 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குட்டி எடுத்து விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் கால்நடைச் சேவைத் துறையிடம் உரிமம் எடுக்க வேண்டும். வீட்டில் எத்தனை நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீவில் இருப்பவர்கள் எம்பிபிபியிடமும் (பினாங்குத் தீவு மாநகராட்சி), இந்தப் பக்கம் செபராங் பிறையில் இருப்பவர்கள் எம்பிஎஸ்பியிடமும் (செபராங் பிறை மாநகராட்சி) முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எட்டுக் குட்டிகள் ஒரே நேரத்தில் குரைக்கத் தொடங்கிய பிறகு கேட்டால், கேள்வி அண்டை வீட்டிலிருந்து புகாராக வரும்.

இரண்டாவது படி: உங்கள் இனத்துக்கு என்ன வியாதி?

ஜாதி நாய் என்றாலே ஒரு மூடிய வட்டம். சில நாய்களை வைத்து இனத்தை ஆரம்பிக்கிறார்கள், பதிவேட்டை மூடுகிறார்கள், அப்புறம் உள்ளுக்குள்ளேயே சேர்க்கிறார்கள். கண்காட்சியில் ஒரு கடுவன் கோப்பை வாங்கிவிட்டால் எல்லாரும் அதனிடமே ஓடுகிறார்கள். அதற்கு ஒளிந்த குறை ஒன்று இருந்தால், இரண்டு மூன்று தலைமுறையில் அது இனம் முழுக்கப் பரவிவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக ஒரு வியாதிப் பட்டியல் இருப்பது இப்படித்தான்.

இதற்கு டால்மேஷனைவிட நல்ல உதாரணம் கிடையாது. உடம்பில் யூரிக் அமிலத்தைச் சரியாக உடைக்க முடியாத குறை, தூய டால்மேஷன் எல்லாவற்றுக்கும் இருந்தது. அதனால் சிறுநீர்க் கல் வரும். இனத்துக்குள் எந்த நாயைத் தேடினாலும் நல்ல மரபணு கிடையாது, ஏனென்றால் எதனிடமும் அது இல்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் பாயின்டர் நாய் ஒன்றோடு ஒரே ஒரு முறை கலந்து, அதன்பின் தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்துக்கொண்டு வந்தார். சில தலைமுறைகளில் பார்வைக்கு அசல் டால்மேஷன், கல் மட்டும் வராது. ஆனாலும் "கலப்பு ரத்தம்" என்ற சண்டை ஓயவில்லை. நாய் இனங்களைப் பதியும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த நாய்களை நிலையாக ஏற்றுக்கொண்டது 2011இல்தான். ஜாதி வெறி மனிதர்களிடம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நம் ஊர்ப் பெருமையையும் இதில் விட்டுவைக்க முடியாது. தாய்நாட்டுப் பாசத்தில் ராஜபாளையம் நாய் தேடுகிறவர்கள் பினாங்கிலும் இருக்கிறார்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. உள்காதில் ஒலியை உணரும் பகுதி உயிரோடிருக்க நிறமிச் செல்கள் தேவை. வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே போய்ச் சேர்வதில்லை. டால்மேஷனுக்கும் இதே கதைதான். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்காவிட்டால் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் தப்பிவிடும்.

இனி நம் தாமான்களில் அதிகம் பார்க்கிற நாய்கள். டாய் பூடலுக்கும் பொமரேனியனுக்கும் முழங்கால் சில்லு இடம் நழுவும். நடந்துகொண்டே இருக்கும் நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு மறுபடி நடந்தால் அதுதான். பூடலுக்குக் கண்ணின் விழித்திரை மெல்ல அழியும் பிஆர்ஏ நோயும் உண்டு. முதலில் இரவுப் பார்வை போகும், அப்புறம் முழுக்க. கோல்டன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வைலர் எல்லாவற்றுக்கும் இடுப்பும் முழங்கை மூட்டும். டாபர்மேனுக்கு இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய், கூடவே ரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் கோளாறு. டாஷ்ஹண்டுக்கு முதுகுத் தட்டு பிதுங்கும் நோய். குட்டைக் காலைக் கொடுத்த அதே வகை மரபணு மாற்றம்தான் தட்டுகளையும் இளவயதிலேயே கெட்டியாக்குகிறது. கோலி வகைகளில் பலவற்றுக்குச் சில மருந்துகள் மூளைக்குள் புகுந்துவிடும் குறை உண்டு. அவற்றில் ஒன்றான ஐவர்மெக்டின், கொசுவும் இதயப்புழுவும் உள்ள நம் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் மருந்து. இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுக்கும் சிறு அளவு சிக்கல் இல்லை. சொறிக்குக் கொடுக்கும் பெரிய அளவு அந்த நாய்களைக் கோமாவில் தள்ளும்.

மூக்குச் சப்பையான நாய்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் மூக்குத் துளையை நேராகப் பாருங்கள். பல நாய்களில் அது துளையே இல்லை, பிளேடால் கீறிய கோடு. உள்ளே அண்ணத்தின் மென்பகுதி தொண்டைக்குள் தொங்கும். பகல் ஒரு மணிக்கு பட்டர்வொர்த் வெயிலில் ஐந்து நிமிடம் நடந்தாலே நாக்கு நீலமாகிவிடும். பலர் அந்தக் குறட்டைச் சத்தத்தை "அழகாயிருக்கு" என்கிறார்கள், நாங்கள் ராணியின் குதியலைச் சொன்ன மாதிரி. 2010இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் மூன்றிலும் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் அறுவை சிகிச்சையில்தான் முடிந்தன. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டையோட்டில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது. நார்வேயில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கவலியர் கிங் சார்லஸ் நாய்களை இனவிருத்தி செய்வதே விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. இதய வால்வும், மூளைக்கு இடம் போதாத மண்டையோடும் அந்த இனத்தின் சாபம். புல்டாக் அந்த வழக்கில் தப்பித்தது. என்னைக் கேட்டால், வீட்டுக்குள் ஏர்கான் இல்லாமல் வாழ முடியாத நாயை நம் ஊரில் பெருக்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது படி: கணக்கைப் புரிந்துகொள்வது

பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டல்தான். ஒவ்வொரு மரபணுவும் நாயிடம் இரண்டு பிரதி இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பூடலின் பிஆர்ஏ போன்ற ஒடுங்கு நோய்களில் இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, குட்டிக்குக் கடத்தும். அதைக் கேரியர் என்கிறோம்.

கேரியரும் கேரியரும் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கேரியரும், கெட்ட பிரதியே இல்லாத சுத்தமான நாயும் சேர்ந்தால் பாதிக் குட்டிகள் கேரியராக வரலாம். எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. இங்கே பலர் தவறு செய்கிறார்கள். "கேரியரா? உடனே ஒதுக்கு" என்று எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஏற்கெனவே சின்னதாக இருக்கும் வட்டம் இன்னும் சுருங்கி, வேறொரு வியாதி மேலே வரும். நல்ல குணமும் நல்ல மூட்டும் உள்ள கேரியரைச் சுத்தமான நாயோடு சேர்த்து, குட்டிகளைப் பரிசோதித்து, சுத்தமான ஒன்றை அடுத்த தலைமுறைக்கு எடுப்பதுதான் சரியான வழி.

மெர்ல் என்ற புள்ளி நிறம் வேறு கணக்கு. அதற்கு ஒரு பிரதியே போதும். இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குட்டிகளுக்கு இரண்டு பிரதி வரும். வெள்ளையாகப் பிறந்து, பல செவிடாகவும் குருடாகவும் போகும். எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு இப்படி நேர்க்கணக்கு கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது, வளர்ப்பும் அதில் சேர்ந்துகொள்ளும். நல்ல இடுப்புள்ள பெற்றோருக்கும் மோசமான குட்டி பிறக்கலாம், ஆனால் வாய்ப்பு குறையும். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களுக்கு மூட்டுவாதம் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாகவும் வாழ்ந்தன. நாங்கள் ராணிக்குக் குட்டியிலேயே "நல்லா தின்னு வளரட்டும்" என்று சோறும் கோழியுமாகப் போட்டோம். அவள் வழுக்கி வழுக்கி ஓடியது பளிங்குத் தரையில்.

நான்காவது படி: பரிசோதனை

இதுதான் மொத்த வேலையின் முதுகெலும்பு. அவசரப்படாதீர்கள்.

இடுப்புக்கு எக்ஸ்ரே. நாயை மயக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பின்னங்கால்களையும் நேராக இழுத்து, முழங்கால் உள்பக்கம் திரும்பியபடி எடுக்க வேண்டும். மயக்காமல் எடுத்த படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1966இல் தொடங்கிய ஓஎஃப்ஏ என்ற அமெரிக்க அமைப்பு 24 மாதம் நிறைந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தரும். ஏழு தரம் உண்டு, அதில் மேலே உள்ள மூன்றும் தேர்ச்சி. பல நாட்டுக் கென்னல் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்சிஐயின் முறையில் ஏ முதல் ஈ வரை. ஏயும் பியும் நல்லவை. பென்ஹிப் என்ற இன்னொரு முறையில் 16 வாரத்திலேயே மூட்டின் தளர்ச்சியை அளக்கலாம், அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும். படம் எடுப்பது உங்கள் கிளினிக்கில் இருக்கட்டும், தரம் சொல்வது உங்களைத் தெரியாத ஒருவராக இருக்கட்டும். முகத்தைப் பார்த்து "பரவாயில்ல" என்று சொல்லும் நல்ல மனசு இந்த வேலைக்கு உதவாது.

பெரிய இன நாய்களுக்கு முழங்கை எக்ஸ்ரேயை அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம். சிறிய இனங்களுக்கு முழங்கால் சில்லை டாக்டர் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பார். ஒன்றிலிருந்து நான்கு வரை தரம்: தள்ளினால் நழுவித் தானே திரும்பினால் ஒன்று, எப்போதும் இடம் மாறியே இருந்து, கையால் தள்ளியும் திரும்பாவிட்டால் நான்கு. நழுவாத சில்லு உள்ள நாயை மட்டும் எடுங்கள்.

கண் பரிசோதனையை ஒரு தடவை செய்தால் போதாது. ஆண்டுக்கு ஒரு தடவை, கண் மருத்துவம் படித்த கால்நடை டாக்டரிடம். இதயத்துக்கு ஸ்டெத்தஸ்கோப் ஆரம்பம். டாபர்மேனுக்கு ஸ்கேனும் 24 மணி நேரம் மாட்டிவைத்து இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியும் இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அது தாமதமாக வரும் நோய் என்பதால் மூன்று வயதில் சுத்தம் என்றாலும் நிம்மதி இல்லை. அதனால்தான் தாத்தா பாட்டி எத்தனை வயதில், எதனால் செத்தன என்று கேட்க வேண்டும். பல நேரம் எக்ஸ்ரேயைவிட அந்தக் கேள்வி பெரியது.

டிஎன்ஏ பரிசோதனை இருப்பதிலேயே சுலபம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில வாரங்களில் முடிவு வரும். எடுப்பதற்கு முன் நாய் எதுவும் தின்றிருக்கக் கூடாது. குட்டிகளென்றால் தாய்ப்பாலும் கூடாது. உங்கள் இனத்துக்குப் பொருந்தும் சோதனைகளைப் பாருங்கள். இருநூறு நோய்க்கு ஒரே பொட்டலம் என்று விற்பதில் பாதி உங்கள் நாய்க்குச் சம்பந்தமே இருக்காது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் கோர்கிக்கும் எட்டு வயதுக்கு மேல் பின்னங்கால் செயலிழக்கும் முதுகுத்தண்டு நோய்க்கு எஸ்ஓடி1 சோதனை உண்டு. இரண்டு பிரதி கெட்ட நாய் எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை, ஆனால் வரும் அபாயம் உள்ளவை அவைதான்.

இங்கே முடியாத பரிசோதனைக்கு உள்ளூர் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். வடக்கிலிருந்து விடியற்காலை கிளம்பினால் ஒரு நாள் வேலை. இத்தனை செலவா என்று தோன்றும். இடுப்பு எக்ஸ்ரேக்கு ஆகும் பணம் ஒரு குட்டியை விற்கும் விலையைவிடக் குறைவுதான்.

முடிவு மோசமாக வந்தால்? கருத்தடை. நாய் அதே நாய்தான். வீட்டில் இருக்கும், வாலாட்டும். இனவிருத்தி மட்டும் இல்லை.

ஐந்தாவது படி: கடுவனைத் தேர்ந்தெடுப்பது

மலேசியக் கென்னல் சங்கம் எஃப்சிஐயோடு சேர்ந்தது. சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் நாயின் பிறப்பையும் பெற்றோரையும் சொல்லும். ஆரோக்கியத்தைச் சொல்லாது. ஆனாலும் அந்தத் தாளில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. பெட்டையின் தாளையும் கடுவனின் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டு பக்கமும் வருகிற பெயர்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.

இது நமக்குத் தெரிந்த கணக்கு. அத்தை மகளைக் கட்டினால் பிள்ளையின் உள்ளினக் கலப்பு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பு, 6.25 சதவீதம். அக்காள் மகளைக் கட்டினால் 12.5. அப்பாவும் மகளும், அண்ணனும் தங்கையும் என்றால் 25. நாய் உலகத்தில் இதை "லைன் பிரீடிங்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் கென்னல் கிளப் 2009 முதல் அந்த 25 சதவீத ஜோடிகளின் குட்டிகளைப் பதிவதில்லை. நான் சொல்வது 6.25க்குக் கீழே, முடிந்தால் அதிலும் பாதி. மூன்று தலைமுறைத் தாள் மட்டும் போதாது, ஐந்து தலைமுறையாவது கேளுங்கள். மலேசியாவுக்குள் எல்லாரும் ஒரே இறக்குமதிக் கடுவனைப் பயன்படுத்தியிருந்தால் வெளியே தேட வேண்டிவரும். ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வைலர், டாபர்மேன் போன்ற இனங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கட்டுப்பாடுகள் இருப்பதால் கால்நடைச் சேவைத் துறையிடம் முதலில் பேசுங்கள்.

கடுவனை அதன் வீட்டில் போய்ப் பாருங்கள். அந்நியரைப் பார்த்துப் பம்முகிறதா, பல்லைக் காட்டுகிறதா? குணமும் பரம்பரையில் வரும். பிறகு இரண்டு நாய்க்கும் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை. சேர்க்கையில் தொற்றும் அந்த நோய் கருவைக் கலைக்கும், மனிதருக்கும் வரும். கடுவனின் சொந்தக்காரர் "என் நாய்க்கு அதெல்லாம் கிடையாது" என்று முகம் சுளித்தால் "சரி அண்ணே, நன்றி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.

ஆறாவது படி: பருவமும் சேர்க்கையும்

இது சுருக்கமானது. பெட்டைக்கு இரண்டு வயது நிறைந்து, முடிவுகள் எல்லாம் கையில் இருந்தால், அடுத்த பருவத்தில் சேர்க்கலாம். பெரும்பாலான நாய்கள் ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், மூன்று வாரம் நீடிக்கும். நாளை எண்ணிச் சேர்ப்பதைவிட ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளப்பது மேல். ஒரு மில்லிலிட்டரில் 5 நானோகிராமைத் தொடும்போது கருமுட்டை வெளிவரும். அதிலிருந்து இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பது சரியான நேரம். பிரசவத் தேதியையும் இதை வைத்துத் துல்லியமாகச் சொல்லலாம்: கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாள்.

ஏழாவது படி: சினையும் பிரசவமும்

நாலாவது வாரத்தில் ஸ்கேன். 55 நாளுக்கு மேல் ஓர் எக்ஸ்ரே, மண்டையோடுகளை எண்ணுவதற்கு. எத்தனை குட்டி என்று தெரிந்தால்தான் எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று தெரியும். சினைக் காலத்தில் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்க மறந்துவிடும். பால் கொடுக்கும்போது, குறிப்பாகச் சின்ன நாய்களுக்கு, நடுக்கமும் வலிப்பும் வரும்.

கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வெப்பநிலை பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். 38 சொச்சத்தில் இருந்தது 37.2க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, இரண்டு குட்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, முதல் குட்டிக்கு முன்னாலேயே பச்சை நீர் வருகிறது: இந்த மூன்றில் எது நடந்தாலும் காருக்குப் போங்கள். இரவில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும், தீவுக்குப் பாலம் ஏற வேண்டுமா என்பதையெல்லாம் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

எட்டாவது படி: முதல் எட்டு வாரம்

புத்தகங்களில் எல்லாம் சூட்டு விளக்கு போடச் சொல்வார்கள். அவை குளிர்நாட்டில் எழுதியவை. முதல் வாரக் குட்டிக்கு 30 டிகிரி போல வேண்டும். நம் வீட்டில் பகலில் அது தானாகவே இருக்கும். விளக்கைப் போட்டுக் குட்டியை வேகவைத்துவிடாதீர்கள். பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வையுங்கள், மின்விசிறி நேராகப் படாமல் பாருங்கள், மழை இரவில் கவனியுங்கள். இங்கே உண்மையான எதிரி எறும்பு. பால் மணத்துக்கு வரிசையாக வந்துவிடும். நான் பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துகிறேன், பாட்டி மீன் குழம்புச் சட்டிக்குச் செய்த அதே வித்தை.

தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை. பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பார்த்துக்கொண்டிருங்கள், இறங்கினால் டாக்டர். இரண்டு வாரத்தில் பூச்சி மருந்து ஆரம்பம், ஏனென்றால் தாயிடமிருந்தே புழு வந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி.

மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். மிக்சி சத்தம், மோட்டார் சைக்கிள், குடை விரிவது, தொப்பி போட்டவர், சிறுபிள்ளை எல்லாம் இப்போதே பழக வேண்டும். நான் தைப்பூச உறுமிமேளப் பதிவை மெல்லிய சத்தத்தில் வைத்துப் பழக்குவேன், தீபாவளிப் பட்டாசுப் பதிவையும். இனக்குறையைப் பார்ப்பதும் இதே காலத்தில்தான்: இதயத்தில் முணுமுணுப்பு, காது, முழங்கால், விரை இறங்கியிருக்கிறதா, அண்ணப் பிளவு உண்டா. டாக்டர் சொல்வதைக் குட்டிவாரியாக எழுதி வையுங்கள்.

ஒன்பதாவது படி: குட்டியைக் கொடுப்பது

எட்டு வாரத்துக்கு முன்னால் எந்தக் குட்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. "நல்ல நாள் பார்த்திருக்கோம், ஆறு வாரத்திலேயே கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நாள் இரண்டு வாரம் கழித்தும் வரும்.

வாங்க வருகிறவரிடம் தாய் நாயைக் காட்டுங்கள். பரிசோதனை முடிவுகளின் நகல்களைக் கையில் கொடுங்கள், கேரியர் என்று வந்திருந்தால் அதையும் வாயால் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் நான் மூன்று விஷயம் எழுதுகிறேன். வைத்திருக்க முடியாமல் போனால், எந்த வயதிலும், குட்டி என்னிடமே திரும்பி வர வேண்டும். இனவிருத்திக்கு ஏற்றதில்லை என்று நான் குறித்த குட்டிக்குக் கருத்தடை செய்ய வேண்டும். இரண்டு வயதில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். செலவில் பாதி என்னுடையது. மூன்றாவது வரியைப் படித்துவிட்டுச் சிலர் சிரிப்பார்கள். ஆனால் ஒரு ஜோடி சரியா தப்பா என்று தெரிய வேறு வழி கிடையாது. பெற்றோரின் எக்ஸ்ரே ஒரு ஊகம்தான், குட்டிகளின் எக்ஸ்ரேதான் விடை. இரண்டு குட்டிக்கு மோசமாக வந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்ப்பதில்லை, மற்றக் குட்டிகளின் வீடுகளுக்கும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

குட்டி வாங்கப் போகிறவரும் இதே தாள்களைக் கேட்கலாம். தாய் நாயைக் காட்ட மறுத்தால், பெட்ரோல் நிலையத்தில் கைமாற்றலாம் என்றால், "சான்றிதழ் இருக்கு, அப்புறம் என்ன பரிசோதனை" என்றால், திரும்பி வந்துவிடுங்கள்.

பிறை அக்காவின் குட்டிக்கு இப்போது ஒன்பது வயது. எடையைக் கட்டுக்குள் வைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் நீச்சலுக்கு விட்டு, வலி மருந்தோடு நடக்கிறான். அறுவை சிகிச்சைச் செலவில் பாதியை நான் கொடுத்தேன்; அக்கா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் வேறொரு பெட்டையிடம் பிறந்து நான் கொடுத்த குட்டிகளின் வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். சாப்பாடு, எடை எல்லாம் அப்புறம். முதலில் கேட்பது, "படி எப்படி ஏறுறான்?"